திங்கட்கிழமைப் படகில் அவள் ஏன் வரவில்லை

மகனே,

திங்கட்கிழமை காலையில் நீ குறிகட்டுவான் துறையில் வாகனத்தோடு வந்து நின்றாய் என்று, எங்கள் தீவிலிருந்து போன படகில் உன்னைக் கண்டவர்கள் சொன்னார்கள். கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாயாம். பிறகு படகுக்காரரிடம் ஏதோ கேட்டாயாம். அவர் தலையாட்டினாராம். அதன் பிறகு எனக்கு ஒன்பது தடவை தொலைபேசி எடுத்திருக்கிறாய். தொலைபேசி எனக்கு முன்னால் மேசையில்தான் கிடந்தது. நான் எடுக்கவில்லை. உன் மனைவியைத் திங்கட்கிழமைப் படகில் ஏற்றிவிடும்படி சனிக்கிழமை நீ கேட்டபோது, "பாப்பம்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அதை நீ ஓம் என்று எடுத்துக்கொண்டாய். அது உன் பிழையல்ல. இப்படியான விடயத்தில் ஒரு தகப்பன் "பாப்பம்" என்றால் அது ஓம்தான் என்று ஊர் முழுக்க எடுத்துக்கொள்ளும். ஆனால் என் பதில் இதுதான்: தர்சினி எங்கள் வீட்டில் இருக்கிறாள். தானாகப் போக நினைக்கும் நாள்வரைக்கும் இருப்பாள். அவளைக் கொண்டுவந்து உன்னிடம் தரும் வேலையை நான் செய்யமாட்டேன். இதைத் தொலைபேசியில் சொல்லியிருந்தால் நீ இடையில் புகுந்திருப்பாய், நான் கத்தியிருப்பேன், இரண்டு பேரும் பழைய சண்டைகளுக்குப் போயிருப்போம். அதனால் எழுதுகிறேன். உன் அம்மாவும் தர்சினியும் இதை வாசித்த பிறகுதான் தபாலில் போடுவேன்.

அவள் வெள்ளிக்கிழமை வந்தாள். துறையில் நிற்கும் ஓட்டோக்காரப் பெடியன், என்னிடம் படித்தவன், அழைப்பு எடுத்தான். "சேர், உங்கட மருமோள் வந்திறங்கியிருக்கிறா. தனிய. ஏத்திக்கொண்டு வரட்டோ?" அந்தத் "தனிய" என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னான். எங்கள் துறையில் ஆட்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, பையைத்தான் பார்ப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். கிளினிக் கொப்பி வெளியே தெரிந்தால் ஆஸ்பத்திரி. வெற்றுப் பனையோலை உமல் என்றால் சந்தை. கயிறு கட்டிய பெட்டி என்றால் வெளிநாடு. நல்ல சேலை உடுத்த ஒரு பெண் உன்னுடைய பழைய கம்பஸ் முதுகுப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினால் அதை வாசிக்க ஒருவருக்கும் என்னுடைய உதவி தேவையில்லை. ஏத்திக்கொண்டு வாரும் என்று சொன்னேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அவளுக்கு என்ன நடந்ததோ என்று எனக்கு முதலில் தோன்றவில்லை. படகில் யார் யார் வந்திருப்பார்கள் என்றுதான் யோசித்தேன்.

முன் அறையில் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தாள். வெக்கைக்குள் சேலைக்கு நீளக் கைச் சட்டை. கோப்பையைத் தூக்கியபோது சட்டைக் கை கீழே இறங்கியது. நான் முப்பது வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். விளக்கம் சொல்லமுதல் பார், பார்த்ததை எழுது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவன். அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன். மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் அடையாளம், நீலம். முழங்கைக்குப் பக்கத்தில் ஒன்று மஞ்சளாகி ஆறிக்கொண்டிருந்தது. நீலம் மஞ்சளாக எத்தனை நாள் செல்லும் என்று உனக்கும் தெரியும். நீ சனிக்கிழமை எனக்குச் சொன்ன வசனம் இது: "ஒருக்காத்தான் அப்பா. கை கொஞ்சம் நீண்டிட்டுது. அவவின்ரை வாயும் அப்பிடி." உன்னுடைய "ஒருக்கா"வையும் அவளுடைய கையில் இருந்த இரண்டு நிறத்தையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.

ஏன் பருத்தித்துறையில் தன் தாய் வீட்டுக்குப் போகாமல் இந்தக் கடலைத் தாண்டி எங்களிடம் வந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன். "அங்கை போனா அம்மா திருப்பி அனுப்பிப் போடுவா மாமா. ரெண்டு தரம் அனுப்பினவ. உங்கட மகன் எனக்கு எப்பவும் சொல்லுறவர், தன்ரை அப்பா ஒருநாளும் அம்மாவுக்குக் கை வைச்சதில்லையெண்டு. அதுதான் இஞ்சை வந்தனான். நீங்கள் சொன்னா அவர் கேப்பார்."

உன் அம்மா பிட்டுத் தட்டோடு குசினி வாசலில் நின்றாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு, "அவன் அப்பிடிச் சொன்னவனோ?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கனகாலமாகக் காணாத ஒரு சொந்தக்காரரைப் பற்றிப் புதினம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். தர்சினி ஓம் என்றாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்களே சொல்லுங்கோ" என்றாள். நான் ஓம் என்று தலையாட்டியிருந்தால் அவள் மறுத்திருக்கமாட்டாள். எனக்கு அது நன்றாகத் தெரியும். பதினைந்து வருடமாக அவள் என்னை மறுத்ததே இல்லை. ஓம் என்றால் அந்தப் பிள்ளை என்னை நம்பிக்கொண்டு இருக்கும், நான் உன்னோடு கதைத்து ஒரு சமாதானம் செய்துவைப்பேன், எல்லாரும் நல்லவர்களாக இருப்போம். வாயைத் திறக்கும்வரை எது வரும் என்று எனக்கே தெரியாது. "அவன் சொன்னது பிழை பிள்ளை. நான் அடிச்சனான்" என்று வந்தது. அந்த வசனத்தை நான் என் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. தர்சினி கீழே வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பின்னேரப் படகு போய்விட்டது. இல்லையென்றால் எழும்பிப் போயிருப்பாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "அப்ப நீங்கள் ஏன் மாமி இருந்தனீங்கள்?" என்று கேட்டாள். அம்மா சொன்னாள், "நான் இருக்கேல்லை பிள்ளை. வெளிக்கிட்டனான். படகாலை இறக்கிப் போட்டினம்."

அந்தப் படகில் நீயும் இருந்தாய். உனக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. உனக்கு எவ்வளவு ஞாபகம் என்று எனக்குத் தெரியாது, ஆனால் எனக்கு எல்லாம் ஞாபகம். ஒரு பள்ளிக்கூட நாள். நான் முதலாம் பாடத்துக்கு வகுப்புக்குள் போய்விட்டேன். உன் அம்மா உனக்குச் சீருடை போடாமல் வேறு உடுப்புப் போட்டு, ஒரு பையும் எடுத்துக்கொண்டு துறைக்குப் போயிருக்கிறாள். துறையில் இருந்த ஒருவர் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு வந்து, "மாஸ்டர், ரீச்சரம்மா படகிலை இருக்கிறா, மறிச்சு வைச்சிருக்கிறம்" என்றார். உன் அம்மா ரீச்சர் இல்லை. மாஸ்டரின் மனைவி என்பதால் அப்படிச் சொல்வார்கள். படகை மறித்து வைப்பது எங்கள் தீவில் ஒரு மரியாதை. கலியாணக்காரருக்கு மறிப்பார்கள், வருத்தக்காரருக்கு மறிப்பார்கள், பரீட்சைத் தாள் கட்டுக்கு மறிப்பார்கள். மனைவி கோபித்துக்கொண்டு போகிற மாஸ்டருக்கும் மறிப்பார்கள். அதைத் தப்பு என்று ஒருவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. நன்றியோடுதான் போனேன்.

நான் அங்கே சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டு, வீட்டில் சின்னக் கதை ஒன்று என்று பொதுவாகச் சொன்னேன். படகுக்குள் முப்பது பேர் அளவில் இருந்திருப்பார்கள். அம்மா நடுவில் இருந்தாள், நீ மடியில். முதலில் பையைத் தூக்கினார்கள். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு, அவரிடமிருந்து அடுத்தவருக்கு, பை என்னிடம் வந்தது. பிறகு உன்னைத் தூக்கி அதே மாதிரிக் கைமாற்றித் தந்தார்கள். பிறகு அம்மாவுக்கு வழி விட்டார்கள். ஒரு அக்கா முதுகில் தட்டி, "மனுசன் பள்ளிக்கூடத்தையும் விட்டுட்டு ஓடி வந்திருக்கு, பேந்தென்ன, இறங்கும்" என்றா. பின்னால் ஒருவர், "மாஸ்டருக்கு மத்தியானச் சோத்துக்குப் பயம்" என்று பகிடி விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவள் சிரித்ததைக் கண்டு விடயம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அன்றைக்கு நான் அவளுக்குக் கை வைக்கவில்லை. கை வைக்காததை என்னுடைய நல்ல குணத்துக்கு அத்தாட்சியாகக் கனகாலம் மனதில் வைத்திருந்தேன். நீ என்னோடு சைக்கிள் பாரில் இருந்து வந்தாய். அவள் பின்னால் நடந்து வந்தாள். இப்போதுதான் எனக்கு ஒன்று விளங்குகிறது. அதற்கு முதல் நாள் நான் என்ன செய்தேன் என்று அந்த முப்பது பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவளுடைய கன்னம் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. நல்ல மனிதர்கள், ஒருவருக்கு ஒன்று என்றால் ஓடி வருகிறவர்கள், சேர்ந்து ஒரு நல்ல காரியம் என்று நினைத்து அதைச் செய்தார்கள். அவர்களில் பாதிப்பேர் இப்போதும் இருக்கிறார்கள். இந்தக் கிழமை முழுக்க ஒவ்வொருவரையும் காணும்போது, இவருக்கு அது ஞாபகம் இருக்குமா என்று பார்க்கிறேன்.

நான் மறக்காதவன் என்று உனக்குத் தெரியும். எனக்குக் கிடைக்கவேண்டிய பள்ளிக்கூட அதிபர் பதவியை என்னைவிட எட்டு வருடம் இளையவனுக்குக் கொடுத்த கடிதம் இன்னும் என் பைலில் இருக்கிறது. என் அப்புவின் செத்த வீட்டுக்கு வராத உன் பெரியப்பாவோடு நான் இன்றைக்கும் கதைப்பதில்லை. உன் கலியாணத்தில் என்னை மூன்றாவது வரிசையில் இருத்தினாய், உன்னுடைய வேலையிடத்துப் பெரியதுரையை முன் வரிசையில் இருத்தினாய். அவர் என்ன நிறக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார் என்றுகூட என்னால் சொல்ல முடியும். இப்படிப்பட்டவன் நான், உன் அம்மாவுக்கு எத்தனை தடவை அடித்தேன் என்று கேட்டால் மூன்று என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை, எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்திலும் முதலில் அப்படித்தான் எழுதினேன். எழுதிவிட்டு, அவள் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன். "எண்ணிக்கை எனக்குத் தெரியாது. இடந்தான் தெரியும்" என்றாள். பிறகு விறகை அடுக்கியபடியே சொல்லிக்கொண்டு போனாள். கிணத்தடி. குசினிக் கதவடி. அலுமாரிக்கும் யன்னலுக்கும் இடையில். உனக்கு அம்மாள் வருத்தம் வந்து கொப்புளத்தோடு படுத்திருந்த அறை. கிடுகு வேலிக்குப் பக்கத்தில், மழை நாள். நெல்லு மூட்டை வைத்த மூலை. திரும்பவும் கிணத்தடி. நான் போதும் என்று சொன்னேன். அவள் நிறுத்தவில்லை, இன்னும் இரண்டு சொன்னாள். நான் எழுதிய மூன்றை அவள்தான் பேனையால் வெட்டினாள்.

அலுமாரிக்கும் யன்னலுக்கும் இடையால் அவள் ஒருநாளும் போவதில்லை என்று எனக்குத் தெரியும். யன்னலைப் பூட்ட வேண்டுமென்றால் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போவாள். அதை நான் ஒரு விசர்ப் பழக்கம் என்று பகிடி பண்ணியிருக்கிறேன், நீயும் சேர்ந்து சிரித்திருக்கிறாய். ஒரே வீட்டில் இத்தனை வருடமாக நான் ஒரு வீட்டில் இருந்திருக்கிறேன், அவள் வேறொரு வீட்டில் இருந்திருக்கிறாள்.

இனி நீ கவனமாக வாசிக்க வேண்டிய இடம். தர்சினியிடம், கோபம் வந்தால் அவன் என்ன செய்வான் என்று அம்மா கேட்டாள். தர்சினி யோசித்துவிட்டு, முதலில் மணிக்கூட்டைக் கழற்றுவார் என்றாள். கையில் இருந்து கழற்றி, கண்ணாடி மேலே தெரிய மேசையில் வைப்பார், அதைக் கண்டவுடனே தனக்கு விளங்கிவிடும் என்றாள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "இவர் மூக்குக் கண்ணாடி" என்றாள். உண்மைதான். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, பத்திரமான இடத்தில் வைத்துவிட்டுத்தான் அடித்தேன். ஒவ்வொரு முறையும். கோபத்தில் கண் தெரியவில்லை, என்ன செய்கிறேன் என்று தெரியவில்லை என்று பிறகு சொல்வேன், அதை நானும் நம்பினேன். என்ன செய்கிறேன் என்று தெரியாதவன் கண்ணாடி உடைந்துவிடும் என்று எப்படி யோசிப்பான்? எனக்குச் சாமான் எது, ஆள் எது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. சாமானைக் காப்பாற்றியிருக்கிறேன். ஆகவே கை தானாக நீண்டது என்று எனக்குச் சொல்லாதே. முதலில் கை மணிக்கூட்டுப் பட்டியின் கொளுவியைத் தேடிப் போயிருக்கிறது. கொளுவியைக் கழற்றப் பொறுமை வேண்டும். அந்த நேரத்தில் நீ என்ன நினைக்கிறாய்? இதை நான் ஏசுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். என்னை நான் எவ்வளவு தோண்டிப் பார்த்தும், கண்ணாடி மேசையில் பட்டதற்கும் கை எழும்பியதற்கும் இடையில் என்ன இருந்தது என்று பிடிபடவில்லை. ஒரு சின்ன ஆறுதல் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். எழுத வெட்கமாக இருக்கிறது. வெளியில் எல்லாரிடமும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு வந்தவனுக்கு, பயந்த ஒரு முகத்தைக் கண்டால் ஒரு ஆறுதல். அதிபர் பதவிக் கடிதம் வந்த கிழமைதான் கிடுகு வேலியடி, மழை நாள்.

அடி நின்று இப்போது பதினைந்து வருடம் இருக்கும். நான் திருந்தியதால் நின்றது என்று சொல்ல ஆசை. ஆனால் அவள் மறுத்துக் கதைப்பதை விட்டாள், அதனால்தான் நின்றது. மீன் எந்த மாதிரிச் சமைக்க? உங்களுக்கு எப்படி வேணும். கோயிலுக்குப் போவமா? நீங்கள் சொன்னாச் சரி. இப்படி ஒரு மனைவி கிடைத்தவன் சந்தோசமாக இருக்க வேண்டும் அல்லவா? நான் தனித்துப்போனேன். வீட்டில் ஒருவரும் என்னோடு கதைக்காத மாதிரி இருந்தது. இவள் ஒரு மரக்கட்டை, இவளோடு ஒரு விடயத்தைக் கலந்து பேச முடியாது என்று அதற்கும் அவளைத்தான் மனதில் குறை வைத்தேன். பிறகு அவளுக்கு நெஞ்சு அடைப்பது மாதிரி வரத் தொடங்கியது. கதிரையைக் கொஞ்சம் வேகமாக இழுத்தால் கையில் இருப்பதைப் போட்டுவிடுவாள். நித்திரை இல்லை. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இருதயத்தில் ஒரு பிழையும் இல்லை என்று, மனநலப் பிரிவில் இருந்த ஒரு இளம் டொக்டரிடம் அனுப்பினார்கள். அந்தப் பிள்ளை என்னை வெளியே இருக்கச் சொன்னது. அரை மணித்தியாலம் மர வாங்கில் இருந்தேன். கதவைத் திறந்தபோது அது என்னைப் பார்த்த பார்வையை மறக்கவில்லை. அங்கே தந்த மருந்தை ஊரில் பிரசர்க் குளிசை என்று சொல்லிவிட்டேன். அந்த டொக்டர் மேலேயும் எனக்கு இந்தக் கிழமைவரை கோபம் இருந்தது. உள்ளே என்ன கேட்டது, அம்மா என்ன சொன்னாள் என்று இப்போது அறிய ஆசையாக இருக்கிறது. கேட்டேன். "அது எனக்கும் அவவுக்கும்" என்றாள் அம்மா. அவள் எனக்கு ஒன்றை மறுத்தாள். எனக்கு அது ஒரு விதமான சந்தோசமாக இருந்தது என்றால் நீ நம்பமாட்டாய்.

சனிக்கிழமை நீ தொலைபேசி எடுத்தபோது அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில்தான் இருந்தார்கள். நீ சத்தமாகக் கதைத்ததால் அவர்களுக்கும் கேட்டது. ஊருக்குள் வந்தால் ஆட்கள் கதைப்பினம், அதனால் குறிகட்டுவானிலேயே நிற்கிறேன், கொண்டுவந்து ஏற்றிவிடுங்கோ என்றாய். நான் தொலைபேசியை வைத்ததும் அம்மா சொன்னாள்: "உவளை ஒருத்தரும் இறக்கவும் கூடாது, ஏத்தவும் கூடாது. உவள் என்ன சாமானோ?" இந்த வீட்டில் அவள் அந்தக் குரலில் கதைத்து நான் கேட்டு எத்தனையோ வருடம். தர்சினி மடியில் வைத்திருந்த பையைக் கீழே வைத்தது அப்போதுதான்.

திங்கட்கிழமை நீ குறிகட்டுவானில் நின்ற நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் இங்கே பொலிசில் இருந்தோம். பெண்கள் பிரிவில் இருந்த பிள்ளை தர்சினியின் முறைப்பாட்டை எழுதியது. பிறகு என்னிடம், நீங்கள் ஆர் என்று கேட்டது. பெடியன்ரை தகப்பன் என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. சமாதானம் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கும், எல்லாத் தகப்பன்மாரும் அதற்குத்தானே வருவார்கள். நான் சாட்சி சொல்ல வந்தனான் என்றேன். அவளுடைய கையில் நான் கண்ட இரண்டு நிறத்தைச் சொன்னேன். சனிக்கிழமை நீ எனக்குச் சொன்ன வசனத்தையும், "ஒருக்காத்தான்" என்பது தொடக்கம் சொல்லுக்குச் சொல் சொன்னேன். தகப்பன் என்று நம்பி நீ என்னிடம் சொன்னது அது. அதைக் கொண்டுபோய்ப் பொலிசில் கொடுத்தேன். இதை வேறு ஒருவர் வாயால் நீ கேட்கக் கூடாது என்பதற்காகவும்தான் இந்தக் கடிதம். ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பம் போகும். உனக்கு அறிவித்தல் வரும். சாட்சிகளில் என் பெயர் இருக்கும். தர்சினி சொன்ன மணிக்கூட்டுக் கதையையும் எழுதும்படி சொன்னேன்; அது ஏன் எனக்கு முக்கியமாகப் பட்டது என்று அந்தப் பொலிஸ் பிள்ளை கேட்டது. என்னுடைய கண்ணாடிக் கதையையும் சொல்லித்தான் ஆகவேண்டி வந்தது. அதுவும் எழுதப்பட்டிருக்கிறது. அறுபது வயதுக்கு இரண்டு வருடம் இருக்க, நான் படிப்பிக்கிற தீவில், என் வாயால். பொலிஸ் வாசலில் இருந்து அது எந்தெந்த வீட்டுக்குப் போயிருக்கும் என்று எனக்கு அனுமானம் உண்டு. செவ்வாய்க்கிழமை வகுப்புக்குள் போக, பிள்ளைகள் வழமையைவிட அமைதியாக இருந்தார்கள்.

இதை உன் மேலுள்ள கோபத்தால் செய்கிறேனோ என்றும் யோசித்தேன். மூன்றாவது வரிசை. என்னுடைய கண் ஒப்பரேசனுக்கு நீ வரவில்லை. தொலைபேசியில் எப்போதும் அம்மாவைத் தாங்கோ என்று கேட்பாய், என்னோடு ஒரு நிமிடம். அதெல்லாம் எனக்குள் கிடக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். பொலிசில் உன் பெயரைச் சொல்லும்போது ஒரு மூலையில் அது கொஞ்சம் இனித்ததா என்று என்னை நானே கேட்டேன். இனித்திருக்கலாம். ஆனால் கோபம் இல்லாத ஒரு நல்ல தகப்பன் வந்து சாட்சி சொல்லும்வரை தர்சினி காத்திருக்க ஏலாது. அவளுக்குக் கிடைத்தது நான்தான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியாது, இருந்தாலும் சொல்கிறேன். அவளுக்குச் செய்தி அனுப்பாதே. சமாதானத்துக்கு ஆள் அனுப்பாதே, பெரியவர்களைக் கூட்டாதே, அவளுடைய தாயைப் பிடித்து அழுது காட்டாதே. மன்னிப்புக் கேட்கிறேன் என்று வராதே. நான் மன்னிப்பைக் கேட்டுக் கேட்டு வாங்கியவன். கேட்ட இடத்தில் பயத்தோடு நிற்கும் ஒருத்தி தருவதற்குப் பெயர் மன்னிப்பு இல்லை. கட்டளை என்ன சொல்கிறதோ அதன்படி நட. ஆஸ்பத்திரியில் இதற்கு டொக்டர்மார் இருக்கிறார்கள். போ, வெளி வாங்கில் இருக்காதே, உள்ளே போய் இரு. ஒன்றையும் குறைத்துச் சொல்லாதே. அவள் உன்னிடம் திரும்புவாளா என்று எனக்குத் தெரியாது, அவளிடம் நான் கேட்கவும் மாட்டேன். வேலைக்கு லீவு போட்டிருக்கிறாள். காலையில் அம்மாவோடு சேர்ந்து பத்திரிகை வாசிக்கிறாள். நேற்று ஒரு செய்தியில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். அம்மா விடவில்லை. நான் குசினிக்குள் நின்று கடைசிவரை கேட்டேன். எதைப் பற்றி என்று இப்போது ஞாபகமில்லை, உன் அம்மாவுக்கு இவ்வளவு அபிப்பிராயம் இருக்கிறதா என்ற ஆச்சரியத்தில் நின்றுவிட்டேன்.

கடைசியாக ஒன்று. இந்தக் கிழமை முழுக்க என்னை நித்திரை கொள்ள விடாதது இதுதான். நான் ஒருநாளும் அம்மாவுக்குக் கை வைத்ததில்லை என்று அவளிடம் ஏன் சொன்னாய்? காணவில்லையா? காணாமல் எப்படிக் கழற்றி வைக்கப் பழகினாய்? கண்டும் மறந்துவிட்டாயா, அப்படி மறக்க ஏலுமா? நல்ல குடும்பத்துப் பெடியன் என்று காட்டப் பொய் சொன்னாயா? அல்லது அப்படி ஒரு தகப்பன் உனக்கு வேண்டியிருந்து, அப்படி ஒருவனை நீயே உண்டாக்கி, அவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தாயா? கடைசியாகக் கேட்டதுதான் உண்மை என்றால், அந்த மனிதனை நம்பித்தான் அவள் கடல் தாண்டி வந்தாள் என்பதைத் தெரிந்துகொள். எதுவென்றாலும் எனக்கு எழுது. அதை நான் ஒருவருக்கும் காட்டமாட்டேன். ஆனால் அவளுக்கு நீ என்ன செய்தாய் என்று எழுதினால், அந்தத் தாளை அப்படியே கொண்டுபோய்ப் பொலிசில் கொடுப்பேன். ஆகவே இரண்டையும் ஒரே தாளில் எழுதாதே.

அப்பா